கல்லமேட்டில் கரைந்துபோன ராட்சதன்

டைனோசர் என்றாலே நம்மில் பலருக்கும் ஞாபகம் வருவது ஜுராசிக் பார்க் படம்தான். அமெரிக்கா, அர்ஜென்டினா, சீனா என்று எங்கோ தொலைதூரத்தில் வாழ்ந்து மடிந்த மிருகம் என்ற எண்ணம் மனதில் பதிந்துவிட்டது. ஆனால் உலகில் இதுவரை தரையில் நடந்த உயிர்களிலேயே மிகப் பெரியது எது என்ற போட்டியில் முன்வரிசையில் நிற்கும் ஒரு டைனோசர் தமிழ்நாட்டில் கிடைத்தது. விருதுநகரில் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குப் பிறகு போய்ச் சேர்ந்துவிடலாம், அவ்வளவுதான் தூரம். ஊர் பெயர் கல்லமேடு. இன்று அரியலூர் மாவட்டம், எலும்பு கிடைத்த காலத்தில் திருச்சி மாவட்டம்.

அந்த எலும்புகளில் ஒன்றின் நீளம் 2 மீட்டர், அதாவது ஆறரை அடி. ஐந்தரை அடி ஆள் பக்கத்தில் நின்றால் தலைக்கு மேலே இன்னும் ஒரு அடி நீட்டிக்கொண்டிருக்கும். அது முழுக்கால் கூட இல்லை! முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையில் உள்ள கீழ்க்கால் எலும்பு மட்டும். அதற்கு மேலே தொடை, இடுப்பு, அதற்கும் மேலே முதுகு என்று கற்பனை செய்து பாருங்கள்.

இதற்கு வைத்த பெயர் பிருகத்காயோசாரஸ் மாட்லேயி. பிருகத் என்றால் பெரிய, காயம் என்றால் உடல். அதே மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்துப் பிரகதீஸ்வரர் பெயரில் இருக்கும் அதே சொல்தான் இது. ராஜேந்திர சோழன் கட்டிய பெரிய கோயிலுக்கும், அந்த மண்ணில் அவனுக்கு ஏழு கோடி வருடங்களுக்கு முன்னால் நடந்த பெரிய மிருகத்துக்கும் ஒரே அடைமொழி பொருந்திவிட்டது.

இவ்வளவு பெருமை இருந்தும் அந்த எலும்பை எந்த அருங்காட்சியகத்திலும் போய்ப் பார்க்க முடியாது. ஏனென்றால் இன்று அது இல்லை.

அரியலூரில் கிடைப்பது ஏன் சிவகாசிப் பக்கம் கிடைப்பதில்லை என்ற கேள்வி எழலாம். விருதுநகர் மாவட்டத்தின் அடிப்பாறை பெரும்பாலும் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய பழம்பாறை. டைனோசர் காலத்துக்கு மிக மிக முற்பட்டது. ஆர்.ஆர். நகர் சிமெண்ட் ஆலைக்குப் போகும் பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல் கூட அப்படி வெந்து படிகமாக மாறியதுதான், அதில் தேடினால் ஒரு சிப்பி கூட அகப்படாது. அரியலூரிலும் சிமெண்ட் ஆலைகள்தான், அங்கேயும் சுண்ணாம்புக்கல்தான். ஆனால் அது கடல் உயிர்களின் ஓடுகள் படிந்து உருவானது. காவிரிப் படுகையில் கடல் உள்ளே வந்து, பின்வாங்கி, மறுபடி வந்து, அடுக்கடுக்காகச் சேறும் மணலும் சிப்பியும் சேர்த்துவைத்துவிட்டுப் போனது. அந்த அடுக்குகளின் மேல்பக்கத்தில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண்ணும் களியும்தான் கல்லமேட்டுப் படிவம். வயது ஏறத்தாழ ஏழு கோடி வருடம். அப்போது இந்தியா மடகாஸ்கரிடமிருந்து பிரிந்து, வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த தனித்தீவு.

இந்தப் பகுதியின் மேல் விஞ்ஞானிகளின் கண் பட்டது 1840களிலேயே. கடல் சிப்பிகளையும் நத்தை போலச் சுருண்ட அம்மோனைட்டுகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். 1862இல் எச்.எஃப். பிளான்ஃபோர்டு என்ற புவியியலாளர் திருச்சி, தென்னார்க்காடு மாவட்டப் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதியபோது, ஊன் உண்ணும் டைனோசரின் பல் ஒன்றையும் குறிப்பிட்டார். பிறகு வந்தவர் சார்லஸ் மாட்லே. ஜபல்பூரில் டைனோசர் எலும்புகளைத் தோண்டிப் பெயர் வாங்கிய இவர், 1929இல் திருச்சி மாவட்ட டைனோசர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டார். மாட்லேயி என்ற பின்பெயர் அவர் நினைவாக வைத்ததுதான்.

அதற்கப்புறம் ஐம்பது வருடம் கழித்துத்தான் கதை சூடு பிடிக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. யாதகிரி, கே. அய்யாசாமி என்ற இருவர். 1979இல் இவர்கள் அரியலூர் பக்கத்தில் கிடைத்த எலும்புகளுக்குத் திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி என்று பெயர் வைத்தார்கள் (ஆமாம், திராவிடம்தான்!). முதுகில் தட்டுகள் நிற்கும் ஸ்டெகோசாரஸ் வகை என்றார்கள். இல்லை, அது கடலில் நீந்திய வேறு ஊர்வன என்று பிறகு சிலர் மறுத்தார்கள். அந்த வழக்கு வேறு. அதே இருவர் 1987 தேதியிட்ட வெளியீட்டில் கல்லமேட்டு எலும்புகளை அறிவித்தார்கள். இடுப்பு எலும்புகள், தொடை எலும்பின் கீழ்முனை, கீழ்க்கால் எலும்பு, முன்கை எலும்பு, வால் முதுகெலும்பில் ஒரு துண்டு. இடுப்பு எலும்பு ஒன்றே 1.2 மீட்டர். தொடை எலும்பின் கீழ்முனை முக்கால் மீட்டர் அகலம், ஏறக்குறைய ஒரு வீட்டுக் கதவின் அகலம்.

ஆனால் அவர்கள் இதை நீண்ட கழுத்து டைனோசர் என்று சொல்லவில்லை. இரண்டு காலில் நடந்து வேட்டையாடும் ஊன் உண்ணி என்று வகைப்படுத்தினார்கள்! டி-ரெக்ஸின் கீழ்க்கால் எலும்பு சுமார் 1.1 மீட்டர்தான். 2 மீட்டர் கீழ்க்காலோடு ஒரு வேட்டை மிருகம் என்றால் யார் நம்புவார்கள்? 1995இல் சங்கர் சட்டர்ஜி இது சாரோபாட், அதாவது நீண்ட கழுத்து, நீண்ட வால், தூண் போன்ற நான்கு கால்கள் உடைய தாவர உண்ணி வகை என்று எடுத்துச் சொன்னார். அப்புறம்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. வேட்டை மிருகமாக நம்ப முடியாத அதே எலும்பு, சாரோபாட்டாகப் பார்த்தால் உலக சாதனையாக இருந்தது.

இந்த சாரோபாட்டின் உடம்பு எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் பார்க்காமல் கல்லமேட்டுப் பிரச்சினை புரியாது.

முதலில் கழுத்து. ஒட்டகச்சிவிங்கிக்கும் மனிதனுக்கும் கழுத்தில் ஏழே எலும்புகள்தான். சாரோபாட்டுகளுக்குப் பத்திலிருந்து பத்தொன்பது வரை. சீனாவின் மாமென்சிசாரஸ் வகை ஒன்றின் கழுத்து மட்டும் 15 மீட்டர் இருந்திருக்கும் என்று 2023இல் கணக்கிட்டிருக்கிறார்கள். விருதுநகரில் ஓடும் டவுன் பஸ் ஒன்றை விட நீளமான கழுத்து. இதை எப்படித் தூக்கிப் பிடித்தது?

சிவகாசிக்காரர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கிவிடலாம். ஒரு தாளை நட்டுக்குத்தாக நிறுத்தினால் துவண்டு விழும். அதே தாளைச் சுருட்டிப் பசை போட்டு ராக்கெட் குழாய் ஆக்கினால் விறைத்து நிற்கும். எடை கூடவில்லை, பலம் கூடிவிட்டது. சாரோபாட்டின் கழுத்தெலும்பு இதே தந்திரம்தான். வெளிச்சுவர் மெல்லியது, உள்ளே முட்டுக் கொடுத்த தடுப்புகள், மீதி எல்லாம் காற்று. பண்டல் கட்டிய தீப்பெட்டிகளைப் போல, பார்வைக்குக் கட்டி, உள்ளே பாதிக்கு மேல் வெற்றிடம். மாமென்சிசாரஸின் கழுத்தெலும்பில் 69 முதல் 77 சதவீதம் காற்றுதான் என்கிறது அதே ஆய்வு.

இந்தக் காற்று சும்மா அடைத்துவைத்த காற்று இல்லை. பறவைகளுக்கு நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைகள் உண்டு. அவை எலும்புக்குள்ளேயும் கிளை விடும். சாரோபாட்டுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று எலும்பில் உள்ள குழிகளும் துளைகளும் காட்டுகின்றன. பத்து மீட்டர் மூச்சுக்குழாய் வழியாக மூச்சு விட, நம்மைப் போன்ற நுரையீரல் போதாது. போன மூச்சு வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடும்.

அடுத்தது தலை. இவ்வளவு பெரிய உடம்புக்குத் தலை அபத்தமாகச் சின்னது. அதுதான் ரகசியமும் கூட. யானை மென்று தின்னும், அதனால் அதற்குப் பெரிய கடைவாய்ப் பல், கனமான தாடை, பெரிய தலை. கனமான தலையை நீண்ட கழுத்தின் நுனியில் தொங்கவிட முடியாது. சாரோபாட் மெல்லவே இல்லை. பென்சில், கரண்டி போன்ற பற்களால் உருவி அப்படியே விழுங்கிவிட்டது. அரைக்கிற வேலையைப் பீப்பாய் போன்ற வயிறு பார்த்துக்கொண்டது. என்ன தின்றது என்பதற்கும் இந்தியாவிலேயே சாட்சி இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பிஸ்துரா என்ற இடத்தில் கிடைத்த, கல்லாக மாறிய சாணத்தில் புல்லின் நுண்துகள்கள் இருந்ததை 2005இல் கண்டுபிடித்தார்கள். டைனோசர் காலத்தில் புல்லே கிடையாது என்று பாடப்புத்தகம் சொன்னதை இந்தியச் சாணி பொய்யாக்கிவிட்டது.

கால்கள் வேறு மாதிரி. கழுத்தில் காற்று என்றால் காலில் கெட்டி எலும்பு. மடங்காமல் நேராக நிற்கும் தூண்கள். இந்தியாவில் அந்தக் காலத்தில் வாழ்ந்த சாரோபாட்டுகள் டைட்டனோசார் என்ற பிரிவு. இவற்றின் முன்னங்காலில் விரல்களே கிட்டத்தட்ட இல்லை. உள்ளங்கை எலும்புகள் ஐந்தும் நட்டுவைத்த கம்பங்களாக வட்டமாக நின்று எடையைத் தாங்கின.

இங்கேதான் கல்லமேட்டுக்குத் திரும்ப வேண்டும். கல்லமேட்டில் கழுத்தெலும்பு ஒன்று கூடக் கிடைக்கவில்லை! பிருகத்காயோசாரஸின் நீண்ட கழுத்து என்பது அதன் உறவினர்களை வைத்துச் சொல்வதுதான். எடையும் அப்படியே. அர்ஜென்டினாவில் கிடைத்து 1993இல் பெயர் பெற்ற அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பு 1.55 மீட்டர். நம்முடையது 2 மீட்டர் என்றால் 1.29 மடங்கு. ஆனால் நீளம் 1.29 மடங்கானால் எடை 1.29 மடங்காகாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து வளர்வதால் 1.29ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். அர்ஜென்டினோசாரஸ் 70 டன் என்று வைத்துக்கொண்டால் பிருகத்காயோசாரஸ் 150 டன்!

இப்போது அளவெடுத்ததில் ஒரு சின்னப் பிசகு என்று வைத்துக்கொள்வோம். எலும்பு 2 மீட்டர் இல்லை, 1.9 மீட்டர்தான். வெறும் பத்து சென்டிமீட்டர் குறைவு. அதே கணக்கைப் போட்டால் 129 டன். 21 டன் காணாமல் போய்விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் திரியும் ஆண் யானை ஒன்று நாலு, ஐந்து டன் இருக்கும். ஆக, ஒரு சாண் கூட இல்லாத அளவுப் பிசகில் நாலு யானை மறைந்துவிடுகிறது. இப்படிப்பட்ட கணக்கில் எலும்பைத் திரும்பத் திரும்ப அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அதற்கு எலும்பு வேண்டுமே!

கல்லமேட்டின் மண் களிமண் கலந்தது. கரிசல் காட்டைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதற்குள் இருக்கும் எலும்பும் வருடா வருடம் சேர்ந்து நொறுங்கும். தோண்டியெடுத்த எலும்புகள் ஏற்கனவே உதிரும் நிலையில் இருந்தன. இந்த மாதிரி எலும்புக்குப் பசை ஊட்டி, சாக்கும் பிளாஸ்டரும் சுற்றிக் கட்டி, குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அப்படியும் சில சமயம் தங்காது. இதுவும் தங்கவில்லை. எலும்புகள் சிதைந்துபோய் இன்று இல்லை என்ற தகவல் 2017இல் பீட்டர் கால்ட்டனும் அதே அய்யாசாமியும் எழுதிய கட்டுரையில் வெளிவந்தது.

எஞ்சியது 1987 கட்டுரையும் அதில் இருந்த சில கோட்டுப் படங்களும் மட்டுமே. வெளிநாட்டு ஆய்வாளர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். அது எலும்பே இல்லை, கல்மரமாக இருக்கும் என்று கூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். கோபம் வருகிற மாதிரி இருந்தாலும் அது அநியாயமான சந்தேகம் இல்லை. பக்கத்து பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் (திருவண்ணாமலை பக்கம் அணை இருக்கும் சாத்தனூர் வேறு) 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று இன்றும் படுத்துக் கிடக்கிறது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 1994இல் கிடைத்த சாரோபோசைடன் கழுத்தெலும்புகளை முதலில் கல்மரம் என்றுதான் நினைத்தார்கள். அங்கே எலும்பு கையில் இருந்ததால் சந்தேகத்தைத் தீர்க்க முடிந்தது.

எலும்பைத் தொலைத்தவர்கள் நாம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1878இல் அமெரிக்காவின் எட்வர்ட் கோப் கொலராடோவில் கிடைத்த பிரம்மாண்டமான முதுகெலும்பு ஒன்றை வரைந்து வெளியிட்டார். 1.5 மீட்டர் உயரம், அதுவும் உடைந்த துண்டு. அந்த எலும்பும் காணாமல் போய்விட்டது. ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு நூற்று நாற்பது வருடமாக வாதாடுகிறார்கள்.

இன்னொரு கதை இந்தியாவிலேயே நடந்தது, அது நல்ல முடிவு. 1828இல் ஜபல்பூரில் வில்லியம் ஸ்லீமன் (தக்கர்களை ஒடுக்கிய அதே ஸ்லீமன்தான்) இரண்டு வால் முதுகெலும்புகளைக் கண்டெடுத்தார். டைனோசர் என்ற சொல்லே அப்போது உருவாகவில்லை. 1877இல் ரிச்சர்ட் லைடெக்கர் அந்த இனத்துக்கு டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்தார். உலகம் முழுக்க டைட்டனோசார் என்ற பிரிவுக்கே பெயர் கொடுத்தது இந்த இந்திய எலும்புதான். அதுவும் பல காலம் காணாமல் போயிருந்தது. 2012இல் கொல்கத்தாவில் புவியியல் ஆய்வுத் துறையின் சேகரிப்பிலேயே திரும்ப அகப்பட்டது. அலமாரியில் தொலைந்தது என்றைக்காவது கிடைக்கும். மழையில் கரைந்தது கிடைக்காது.

கொல்கத்தாவிலேயே இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பாரபாசாரஸ் டாகோரி முழு உருவமாக நிற்கிறது. கோதாவரிப் பள்ளத்தாக்கில் 1960களின் தொடக்கத்தில் தோண்டியெடுத்த எலும்புகள், பெயர் வைத்தது 1975இல், தாகூர் நினைவாக. புள்ளியியலுக்கும் டைனோசருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மகாலனோபிஸ் அங்கே புவியியல் பிரிவும் ஆரம்பித்துவைத்தார், அவ்வளவுதான். யாதகிரி 1988இல் பெயரிட்ட கோட்டாசாரஸும் ஹைதராபாத் பிர்லா அறிவியல் மையத்தில் நிற்கிறது. ஆக இந்தியாவில் டைனோசரை எடுத்து நிறுத்தத் தெரியாமல் இல்லை. கல்லமேட்டு மண்ணும் மழையும் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

2022இல் ஒரு திருப்பம். சௌரவ் பால் என்பவரும் அய்யாசாமியும் சேர்ந்து, தோண்டிய காலத்துப் பழைய புகைப்படங்களை வெளியிட்டார்கள். மண்ணில் கிடக்கும் அந்தக் கீழ்க்கால் எலும்பு முதல்முறையாக எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கோட்டுப் படத்தை நம்பாதவர்களில் பலர் புகைப்படத்தைப் பார்த்ததும், இது எலும்புதான், சாரோபாட்தான் என்ற பக்கம் வந்தார்கள். அடுத்த வருடமே, 2023இல், கிரிகரி பால், அசியர் லாரமெண்டி இருவரும் எடையைக் கணக்கிட்டு எழுதினார்கள். 110 முதல் 170 டன் வரை இருக்கலாம், 110 - 130 டன் என்பது நிதானமான கணக்கு என்றார்கள். நிதானமான கணக்கை எடுத்தாலும், நான்குவழிச் சாலையில் சரக்கோடு போகும் சாதாரண லாரிகள் ஆறேழு சேர்ந்த எடை. பெரிய நீலத் திமிங்கிலங்களோடு ஒப்பிடக் கூடிய எடை. திமிங்கிலத்தையாவது கடல் தாங்குகிறது. இது நான்கு காலில் நின்றது.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. புகைப்படத்தை அளக்கலாம், ஆனால் எலும்பைத் திருப்பிப் பார்க்க முடியாது, பின்பக்கம் எப்படி இருந்தது, எவ்வளவு நசுங்கியிருந்தது, எங்கே உடைந்திருந்தது என்று தெரியாது என்பது அவர்கள் வாதம். அதனால் முதலிடத்துக்கு இன்றைக்கும் பல புத்தகங்களில் அர்ஜென்டினோசாரஸ், படகோடைடன் பெயர்களே வருகின்றன. படகோடைடனுக்கு எலும்புகள் நிறைய இருக்கின்றன, தொடை எலும்பு மட்டும் 2.4 மீட்டர் அளவுக்கு. நியூயார்க்கில் அதன் மாதிரி கூடத்துக்குள் அடங்காமல் தலையை வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.

கல்லமேட்டில் தேடல் நின்றுவிடவில்லை. பெரிய எலும்பை விட்டுவிட்டு, மண்ணைச் சலித்துச் சின்னப் பற்களைத் தேடும் வேலையை ஜி.வி.ஆர். பிரசாத் குழுவினர் செய்தார்கள். 2013இல் ட்ரூடான் வகையைச் சேர்ந்த சின்ன டைனோசரின் பல் ஒன்று அங்கே கிடைத்ததாக அறிவித்தார்கள். தென்கண்டங்களில் அந்த வகைக்கு அதுவே முதல் சான்று. மில்லிமீட்டர் அளவுள்ள அந்தப் பல் பத்திரமாக இருக்கிறது.

இரண்டு மீட்டர் எலும்புக்கு மிச்சம் இருப்பது ஒரு பதிவு எண். ஜி.எஸ்.ஐ. பேல்/எஸ்.ஆர்/20. ஒரு இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஆதாரமாகக் காட்டும் மாதிரிக்கு இப்படி எண் கொடுப்பது வழக்கம். இன்றும் பிருகத்காயோசாரஸைப் பற்றி யார் எழுதினாலும் அந்த எண்ணைத்தான் குறிப்பிடுகிறார்கள்.